ஊரில் தங்கிய ஓட்டம்

பரணி பட்டாளத்துக்குப் போன மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, அவன் ஓட்டம் மட்டும் வழக்கம்போல ஏரிக்கரையில் ஓடியது.

முதலில் கேட்டவர் டீக்கடை முனிரத்தினம். பாய்லர் அடியில் கரியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தவர், தப், சளப், தப், சளப் என்று ஒரு கால் ஒழுங்காகவும் இன்னொரு கால் அடி விட்டுப்போன ஷூவோடும் ஓடி வருகிற அந்தச் சத்தத்தை இரண்டு வருஷமாகக் கேட்டுப் பழகியிருந்தபடியால், தலையைத் தூக்காமலே, "இன்னா பரணி, இன்னிக்கு ரெண்டு நிமிசம் லேட்டு" என்றார். சொன்ன பிறகுதான், நேற்று மத்தியானம் இதே கடை வாசலில் அந்தப் பையனுக்கு மாலை போட்டு, சரவெடி கொளுத்தி, ரயிலுக்கு அனுப்பிவைத்தது ஞாபகம் வந்து நிமிர்ந்தார். ரோட்டில் ஆள் இல்லை. கணுக்கால் உயரத்துக்குப் புழுதி மட்டும் எழுந்து எழுந்து அடங்கி, கரை மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. இரைக்கிற மூச்சும் கூடவே போனது. முனிரத்தினம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பால் பொங்குகிற வாசனை வரவே உள்ளே போய்விட்டார்.

ஆவாரம்பட்டு பட்டாளத்துக்காரர்களின் ஊர். வேலூருக்கு மேற்கே மலையடியில் இருக்கிற அந்த ஊரில், பிளஸ் டூ பரீட்சையின் கடைசித் தாளை எழுதிவிட்டு வருகிற பையன்கள், புத்தகப் பையைக் கட்டிலில் வீசிவிட்டு நேரே ஏரிக்கரைக்குத்தான் போவார்கள். மதகில் தொடங்கிப் பொன்னியம்மன் கோவில் வரை போய்த் திரும்பினால் எண்ணூறு மீட்டர். இரண்டு தடவை போய்த் திரும்பினால் ஆயிரத்து அறுநூறு. அதை ஐந்தரை நிமிஷத்துக்குள் ஓடினால் பட்டாளத்தில் இடம். பெண் கேட்டு வருகிறவர்களைக்கூட, பையன் படிப்பென்ன என்று கேட்பதற்கு முன்னால், எத்தனை நிமிஷத்தில் ஓடினான் என்று கேட்கிற ஊர் அது. அந்த ஊருக்கு ஆளில்லாமல் கடிதம் மட்டும் வந்ததுண்டு. ஆளில்லாமல் பெயர் எழுதிய ட்ரங்குப் பெட்டி மட்டும் வந்ததுண்டு. ஒரு தடவை, ஆளை மூடியிருந்த கொடி மட்டும் நான்காக மடித்து வந்ததுண்டு. எனவே ஆளில்லாமல் ஓர் ஓட்டம் ஓடுவதைப் பார்த்து ஊர் அதிகம் கலங்கவில்லை. நாய்கள் இரண்டு நாள் குரைத்தன. மூன்றாம் நாள் வாலாட்டின.

ஓட்டம் முடிந்ததும் பரணி எங்கே வந்து நிற்பானோ, அது அங்கேதான் வந்து நின்றது. அவன் அம்மா பூங்காவனத்தின் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், முருங்கை மரத்தடியில்.

பூங்காவனம் அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. எதற்காக எழுந்திருப்பது என்று தெரியாமல் படுத்திருந்தாள். புருஷன் அப்பாதுரை கண்ணை மூடி ஏழு வருஷம் ஆகிறது. மூத்தவள் கோமதியை ஓசூரில் கட்டிக்கொடுத்து மூன்று வருஷம் ஆகிறது. மிச்சமிருந்தது இந்தப் பிள்ளை, இவனும் நேற்று இரண்டு கையையும் கூப்பி ஊரைக் கும்பிட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டான். முந்தின ராத்திரி உலை வைத்தபோது கை தானாக இரண்டு ஆளுக்கு அரிசி அளந்துவிட்டது. ஒரு ஆளுக்கு அளந்து அவளுக்குப் பழக்கமில்லை. அந்த மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்ததை நினைத்துக்கொண்டு படுத்திருந்தபோதுதான், கொல்லையில் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தரையில் உதிர்ந்து கிடந்த முருங்கை இலைகள் இரண்டு இடத்தில் பாதம் அளவுக்கு விலகியிருந்தன. குனிந்து முழங்காலில் கைவைத்து நிற்கிற ஒருவனின் முகம் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து, காற்றிலிருந்து, வியர்வை சொட்டுச் சொட்டாக விழுந்து மண்ணில் புள்ளி வைத்தது.

பூங்காவனம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "இரு, கூழ் கரைச்சிட்டு வரேன்" என்றாள்.

கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, உப்புப் போட்டு, சின்ன வெங்காயம் இரண்டு நசுக்கிப் போட்டுச் சொம்போடு துவைக்கிற கல்லில் வைத்தாள். மூச்சு மெல்ல மெல்லத் தணிந்தது. கூழ் குறையவில்லை. ஆனால் மூச்சு நின்று, இலைகள் மறுபடியும் அசைந்து, அது போய்விட்டது என்று தெரிந்தபின் அவள் எடுத்து வாயில் வைத்துப் பார்த்தால், உப்பும் இல்லை, புளிப்பும் இல்லை, வெறும் சப்பென்று இருந்தது. சாமிக்குப் படைத்ததில் ருசியைச் சாமி எடுத்துக்கொண்டு மிச்சத்தை விடுவதில்லையா, அந்த மாதிரி. அதைக் கோழிகளுக்கு ஊற்றினாள்.

அப்படித்தான் தினமும் நடந்தது.

ஊருக்கும் அது பழகிப்போனது. பால் சொசைட்டியில் கேன் திறக்கிற நேரத்தை அந்தச் சத்தத்தை வைத்துத்தான் குறித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் குறுக்கே போகக் கூடாது என்று யாரோ சொல்ல, அது கரையில் ஏறும்வரை அவர்கள் வாசலிலேயே நின்றார்கள். புரட்டாசியில் தெருவுக்கு சிமெண்ட் ரோடு போட்டபோது, ஈரம் காய்வதற்குள் அது ஓடிவிட்டது. ஏழு காலடி, அதில் இடது காலடியெல்லாம் முன்பக்கம் வாய் பிளந்த ஷூவின் காலடி. காண்டிராக்டர் தலையில் அடித்துக்கொண்டார். முனிரத்தினம், "வுடுங்க சார், எங்க ஊர் முத்திரைன்னு நெனச்சிக்கோங்க" என்றார். அப்புறம் மழை பெய்தால் அந்த ஏழு குழியிலும் தண்ணீர் நிற்கும். குருவிகள் வந்து குடிக்கும்.

ஓட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தியவர் ஏகாம்பரம். சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர், விசிலும் ஸ்டாப்வாட்சுமாக ஏரிக்கரையில் பையன்களை விரட்டுகிறவர். பதினைந்து நாள் தொடர்ந்து கணக்கெடுத்துப் பார்த்துவிட்டு, "அஞ்சரை நிமிசம். ஒரு செகண்டு கூடல, ஒரு செகண்டு குறையல. மிசின்கூட இப்படி ஓடாது" என்று அறிவித்தார். அன்றிலிருந்து பையன்களை அதன் பின்னால் ஓடவிட்டார். "மூச்ச வுடாத, அதோட மூச்சப் புடிச்சிக்கோ. அது கூடவே போ" என்பார். ஐப்பசியில் நடந்த ஆள் எடுப்பில் நான்கு பேர் தேறினார்கள். அடுத்தது மாசியில், அதற்குப் பதினொரு பேர் தயாரானார்கள். பக்கத்து வீட்டு வசந்தாவின் மகன் கிஷோர் அந்தப் பதினொன்றில் ஒருவன். ஆறு நிமிஷத்துக்கு மேலே எடுத்துக்கொண்டு, கடைசியில் வந்து கரையில் வாந்தி எடுக்கிற பையன், இப்போது ஐந்து நாற்பதுக்கு வந்துவிட்டான்.

வசந்தாவுக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசாவிட்டால் பொழுது போகாது.

"இன்னாக்கா, கொல்லைய இப்படிப் போட்டு வச்சிக்கீற? இலை முழங்கால் ஒசரத்துக்குக் கீது. பாம்பு வந்து குடும்பம் நடத்தும்."

"கூட்டலாம், கூட்டலாம்."

"எப்போ? உன் மருமவ வந்தா?"

பூங்காவனம் சிரித்து மழுப்புவாள். ஊருக்குப் புறப்பட்டவர் போய்ச் சேர்ந்த சேதி வரும்வரை வீட்டைக் கூட்டக் கூடாது. கூட்டினால் போனவரையும் சேர்த்துத் தள்ளிவிட்டது போல ஆகும். அது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். பரணி நான்காம் நாள் போன் செய்து, "போய்ச் சேர்ந்துட்டேன்மா" என்றவுடன் வாசலைக் கூட்டினாள், உள்ளே கூட்டினாள், துடைப்பத்தோடு கொல்லைக்கும் வந்தாள். அங்கே இரண்டு பாதம் அளவுக்கு விலகிக் கிடந்த இலைகளைப் பார்த்துவிட்டு, துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டாள். இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லையே, எப்படிக் கூட்டுவது?

விடியலில் அரை மணி நேரம் அவளுக்குப் பேச ஆள் இருந்தது. கோழி அடை வைத்ததைச் சொல்வாள். கோமதி முழுகாமல் இருக்கிறாளோ என்று சந்தேகமாக இருப்பதைச் சொல்வாள். கோவிலில் பூசாரி தேங்காய் மூடியை மாற்றிக் கொடுத்துவிட்டதைச் சொல்வாள். மூச்சு இரைத்து இரைத்துக் கேட்டுக்கொண்டிருக்கும். சில நாள் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அப்புறம் அது போய்விடும். அப்புறம் நாள் முழுவதும், டிவியைப் போட்டாலும் அணைத்தாலும், வீட்டில் அவள் வளையல் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணி பேசினான். ஞாயிறு மட்டும்தான் அவர்களுக்குப் போனைக் கையில் கொடுப்பார்கள்.

"சாப்ட்டியாப்பா?"

"சாப்ட்டேன்மா. ரொட்டி, பருப்பு." பிறகு, "எம்மா, எனக்கு ஓட்டமே வரமாட்டேங்குது" என்றான்.

"இன்னாப்பா சொல்ற?"

"நடக்கறேன், பரேடு பண்றேன், துப்பாக்கிய தூக்கிக்கினு மலை ஏறறேன். ஓடுன்னா மட்டும் வரல. காலு கீது, ஓட்டம் இல்ல. கனவுல ஓடுவோமே, அந்த மாதிரி கீது. டாக்டர் பார்த்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டார். ட்ரெய்னிங் குடுக்கற உஸ்தாத் இந்தியில திட்டறார், ஓட்டத்த உங்க ஊர்லயே வச்சிட்டு வந்துட்டியாடான்னு."

பூங்காவனம் கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிவிட்டு, "தானா வந்துடும்பா, தாய் இருக்கா" என்றாள்.

ஏன் என்றால் ஓட்டம் எப்படித் தங்கியது என்பது அவளுக்குத் தெரியும். அவன் புறப்பட்ட அன்று, ஊர்க் கண்ணெல்லாம் அவன்மேல் பட்டதே என்று, நடுத்தெருவில் அவன் நின்ற இடத்துக் காலடி மண்ணை ஒரு பிடி எடுத்து, உப்பும் ஏழு மிளகாயும் சேர்த்து, மூன்று தடவை சுற்றினாள். சுற்றியதை அப்படியே அடுப்பில் போட வேண்டும். உப்பைப் போட்டாள், மிளகாயைப் போட்டாள். மண்ணைப் போடப் போன கை நின்றுவிட்டது. அவன் பாதம் பட்ட மண், இன்னும் சூடு ஆறாத மண், இதையும் நெருப்பில் போட்டுவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது என்று ஒரு நினைப்பு. அவன் பழைய பனியனில் ஒரு துண்டு கிழித்து, மண்ணை முடிந்து, பொன்னியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டாள். வேறு யாருக்கும் தெரியாது. அம்மனுக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க விளக்கேற்றியபோது அவளால் ஒரு வேண்டுதல் வைக்க முடியவில்லை. தாயே, என் பிள்ளையை ஓட வை என்று ஆரம்பிப்பாள். அது முடிவதற்குள், அடியில் இன்னொன்று, தாயே, அவனை வீட்டுக்கு அனுப்பிவிடு என்று வரும். ஒரே விளக்கில் இரண்டையும் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மார்கழி முழுவதும் இப்படியே போனது. காலையில் ஓட்டம் வந்தால் கூழ் கரைத்து வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை பேசினால், தானா வந்துடும் என்றாள்.

தை பிறந்த முதல் ஞாயிறு அவன் சொன்னான்: "இன்னும் ரெண்டு வாரத்துல கடைசி டெஸ்ட்டுமா. திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு. அதுலயும் ஓடலைன்னா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

அன்று சாயங்காலம் வேலியோரமாக நின்று வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மண்ணை முடிந்து வைத்ததையும் சொன்னாள்.

வசந்தா வேலியில் படர்ந்திருந்த கோவைக் கொடியைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். பிறகு, "மாசி வரைக்கும் அது இங்கியே இருக்கட்டும்க்கா" என்றாள்.

"டெஸ்ட்டு தையில வருதே வசந்தா."

"என் புள்ளைக்கு இன்னும் பத்து செகண்டுதான்க்கா குறையணும். இந்த ஆவணி வந்தா வயசு தாண்டிடும். உன் புள்ளையாச்சும் உள்ள போயி யூனிபாரத்த மாட்டிக்கினான். என் வயித்துல அடிக்காதக்கா."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் பொழுது சாய்வதற்குள் சேதி ஊர் முழுக்கப் போய்விட்டது. முனிரத்தினம் வந்தார், ஏகாம்பரம் வந்தார், பையன்களின் தாய்மார் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். பூங்காவனம் எல்லாருக்கும் பாய் விரித்து டீ போட்டாள்.

"அது உன் புள்ளையோட ஓட்டம்தான்மா, இல்லேன்னு சொல்லல" என்றார் முனிரத்தினம். "ஆனா இத்தன நாளு ஊர் ரோட்டுல ஓடியிருக்குது. ஊர் காத்த மூச்சா வாங்கியிருக்குது. ஊருக்கும் ஒரு பாத்தியதை இல்லியா?"

"உன் கடைக்குத்தான் பாத்தியதை. ஓட்டம் பாக்க வரவன்லாம் அங்கதானே டீ குடிக்கிறான்" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஏகாம்பரம் தொண்டையைச் செருமினார். ஸ்டாப்வாட்சின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, தாழ்ந்த குரலில், நல்லது சொல்கிறவர் போலத்தான் சொன்னார்: "யோசிச்சிப் பாரும்மா. பதினோரு வீட்டுக்கு வெளக்கேத்தற காரியம். பரணி திரும்பி வந்தாலும் உனக்கு நஷ்டமா? ஒண்டியா கெடக்கற. புள்ள பக்கத்துலயே இருப்பான், உன் கையால துன்னுக்கினு. உனக்கும் அதானே வேணும்?"

பூங்காவனம் தரையைப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு மேலாக விளக்கின் முன்னால் யாருக்கும் கேட்காமல் அவள் முணுமுணுத்த வேண்டுதல், அடுத்தவர் வாயிலிருந்து, அத்தனை பேர் நடுவில், வெளிச்சத்தில் வந்து விழுந்தது. தன் சேலை நழுவி நடுத்தெருவில் நின்றது போல அவளுக்குக் கூசியது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு பரணி பேசியபோது சத்தமே எழும்பவில்லை.

"இங்க பனிம்மா. காலைல மைதானத்துல பல்லு கிடுகிடுன்னுது. எல்லாரும் ரெண்டு ரவுண்டு ஓடுனதும் சூடாயிடறாங்க, சட்டையெல்லாம் நனைஞ்சி ஆவி வருது. எனக்கு மட்டும் குளிருதும்மா."

அவ்வளவுதான் சொன்னான். பூங்காவனம் போனை வைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து நின்றாள். துவைக்கிற கல்லின் அடியில், ஐந்து மாதமாக வியர்வை விழுந்து விழுந்து, மண் உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. பிள்ளையின் அந்தச் சூட்டில்தான் அவள் தினமும் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து குளிர் காய்ந்திருக்கிறாள்.

செவ்வாய்க்கிழமைவரை காத்திருந்தாள். கண் கழிப்பது அந்தி நேரத்தில்தான். ஆனால் அது வருவது விடியலில். நேரம் தப்பினாலும் ஏற்றுக்கொள் தாயே என்று அம்மன் படத்தைக் கும்பிட்டு, பின்னால் இருந்த முடிச்சை எடுத்துக்கொண்டாள். கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டினாள்.

தப், சளப், தப், சளப். வந்தது. நின்றது. இரைத்தது.

கூழை முதலில் கொடுத்தாள். மூச்சு தணியும்வரை நின்றாள். பிறகு, "கெழக்கப் பாத்து நில்லுப்பா" என்றாள். இலைகள் சரசரத்துத் திரும்பின. முடிச்சை அவிழ்த்து, மண்ணோடு ஒரு பிடி கல்லுப்பும் ஏழு மிளகாயும் சேர்த்து, தலை இருக்க வேண்டிய உயரத்திலிருந்து கால் இருக்க வேண்டிய இடம்வரை, இடமிருந்து வலமாக மூன்று, வலமிருந்து இடமாக மூன்று சுற்றினாள். "தாய் கண்ணு, நாய் கண்ணு, ஊர் கண்ணு, உறவு கண்ணு" என்று சொல்லிக்கொண்டே வந்தவள், கடைசிச் சுற்றில் முதல் வார்த்தைக்கு வந்ததும் தட்டுத் தடுமாறி, அதை மட்டும் இன்னொரு தடவை சொன்னாள்: "தாய் கண்ணு. தாய் கண்ணு." கையை நீட்டி, "தூ" என்று துப்பச் சொன்னாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக மூன்று தடவை காற்றுப் பட்டது.

எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. மிளகாய் கருகியது. நெடி கொஞ்சமும் வரவில்லை.

"போய்ட்டு வா" என்றாள்.

கூழ்ச் சொம்பு விளிம்பில் ஒரு முறை மூச்சுப் பட்டு ஆவி படிந்தது. பிறகு அது போனது. ஏரிக்கரைக்கு ஏறவில்லை. தெருவில் இறங்கி, சிமெண்டில் தன் பழைய காலடி ஏழின்மேலும் மிதித்து, முனிரத்தினம் கடையைத் தாண்டி, நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பியது. வடக்குப் பார்த்து ஓடியது.

புதன்கிழமை ஆவாரம்பட்டு தாமதமாக விழித்தது. பால் சொசைட்டியில் சண்டை நடந்தது. பதினொரு பையன்களும் கரையில் நின்று, யாருக்காகக் காத்திருப்பது என்று தெரியாமல் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வசந்தா வேலிப் பக்கமே வரவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு பூங்காவனம் குழாயடிக்குப் போனால், பேச்சு நின்று தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

ஏகாம்பரம் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு டீக்கடைக்கு வந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டார். "பரணி கீற எடத்துக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். அஞ்சரை நிமிசத்துக்கு ஆயிரத்து அறுநூறு மீட்டர். ஆறு நாள் ஆவும். திங்கக்கிழமை காலைல அஞ்சு மணி வாக்குல சேரும். அதுவும் நடுவுல எவனாவது கூழு குடுத்து நிறுத்தலேன்னா."

"பரீட்சை எப்போ?" என்றார் முனிரத்தினம்.

"ஆறு மணிக்கு."

அதன்பிறகு கோபம் ஒரு பக்கம் இருந்தாலும், ஊரின் காது அந்த வழியிலேயே இருந்தது. நெல்லூரைத் தாண்டி வடக்கே போகும்போது, லாரிக்குப் பக்கத்தில் ஷூ சத்தம் ஒன்று கொஞ்ச தூரம் கூடவே வந்ததாக ஒரு டிரைவர் டீக்கடைக்குப் போன் செய்து சொன்னான். ஏகாம்பரத்தோடு பட்டாளத்தில் இருந்த ஒருவர் நாக்பூர் பக்கத்திலிருந்து போன் செய்து, ரயில்வே கேட்டு மூடியிருந்தபோது புழுதி மட்டும் குனிந்து கடந்ததைத் தன் பேரன் பார்த்ததாகச் சொன்னார். "சரியான டைம்ல போவுது" என்றார் ஏகாம்பரம். பெருமையாகத்தான் சொன்னார், சொல்லிவிட்டுத் திரும்பவும் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவனம் பிள்ளையிடம் சொல்லிவிட்டாள். "உன் ஓட்டம் வழியில வந்துக்கினு கீதுப்பா."

"இன்னாமா, கொரியர்ல போட்டியா?" என்று பரணி சிரித்தான்.

"நான்தான் புடிச்சி வச்சிருந்தேன்." மண்ணைப் பற்றிச் சொன்னாள், கூழைப் பற்றிச் சொன்னாள், கொல்லையில் உட்கார்ந்து பேசியதைச் சொன்னாள். அவன் சிரிப்பு நின்றது.

"என்ன மன்னிச்சிடுப்பா."

அவன், "அப்போ இனிமே விடியக்காலைல யார்கூடமா பேசுவ?" என்றான்.

"கோழி கீதே" என்றாள்.

திங்கட்கிழமை அவள் வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. நான்கு மணிக்கே தலைக்குக் குளித்துவிட்டு, ஈரச் சேலையோடு பொன்னியம்மன் படத்தின் முன்னால் உட்கார்ந்தாள். விளக்கில் இந்தத் தடவை ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. ஐந்து ஆனது, ஆறு ஆனது, வெயில் ஏறியது, திரி கருகிக் கருகி மூன்று தடவை மாற்றினாள். மத்தியானம் தாண்டி, ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"எம்மா! உஸ்தாத் போன்ல இருந்து பேசறேன். ஓடிட்டேன்மா!"

அவள் அம்மன் படத்தைப் பார்த்து ஒரு கையால் கும்பிட்டாள்.

"வரிசையில நிக்கறேன், குளிர்ல காலே தெரியல. திடீர்னு மைதானம் பூரா மிளகா நெடி. எல்லாரும் இருமறாங்க, உஸ்தாத் கண்ணக் கசக்கிக்கினு சமையக்கட்டுல இன்னா கருகுதுன்னு ஆள் அனுப்பறார். எனக்கு மட்டும் இருமல் வரல. வாயெல்லாம் கூழு ருசிம்மா. அஞ்சு மாசக் கூழும் ஒரே வாயில வந்தா மாதிரி, மோர் வாசனையோட. விசில் அடிச்சாங்க, காலு அது பாட்டுக்குப் போவுது. அஞ்சு இருவது. சட்டை பூரா நனைஞ்சிடுச்சி."

"குளிருதாப்பா?"

"இல்லம்மா."

போனை வைத்துவிட்டுப் பூங்காவனம் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கரைத்து ஒரு வாய் குடித்தாள். உப்பு சரியாக இருந்தது. பிறகு எழுந்து, மூலையில் ஐந்து மாதமாகச் சாத்தியிருந்த துடைப்பத்தை எடுத்துத் தட்டி, கொல்லைக் கதவைத் திறந்தாள்.

முருங்கை இலை, வேப்பிலை, கோழி இறகு, மழையில் ஊறிக் காய்ந்து மண்ணோடு மண்ணாக ஒட்டிப்போனது எல்லாவற்றையும் வேலியோரத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். சரக், சரக் என்று அந்தச் சத்தம் மட்டும் பின்மத்தியான வெயிலில் கேட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. பிறகு வசந்தாவின் குரல், முகத்தைக் காட்டாமல், கேட்டது.

"அக்கா. சேர்ந்துட்டானா?"

"சேர்ந்துட்டான் வசந்தா."

"ம்" என்றாள் வசந்தா. பாத்திரச் சத்தம் திரும்பவும் தொடங்கியது.

பூங்காவனம் துவைக்கிற கல்லருகே வந்தாள். இலைகள் விலகி, இரண்டு பாதம் அளவுக்கு வெறும் மண் அங்கே இருந்தது. அதன் முன்னால் உப்புப் பூத்த வெள்ளை. துடைப்பம் அந்த இடத்தில் ஒரு மூச்சு நேரம் நின்றது. பிறகு அதையும் கூட்டினாள்.